தானம் கொடுத்த மாட்டின் பல்

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நம்மூரில் ஒரு சொலவடை உண்டு. ஓசியில் வந்ததற்கு வயசு என்ன, வாட்டம் என்ன என்று நோண்டினால் கொடுத்தவர் மனசு கோணும். நியாயம்தான். ஆனால் தானமாக வந்தது மாடு இல்லை, கம்ப்யூட்டர் என்றால்? பல்லைப் பிடித்துப் பார்த்தே தீரவேண்டும். ஏனென்றால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பல்லே இல்லாமல்தான் தானமாகப் போயிருக்கின்றன.

பல் என்று நான் சொல்வது சாஃப்ட்வேரை.

கதை 1990களில் தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து மாதிரி வசதியான தேசங்களில் ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஆயுள் மூன்று வருடம். மிஞ்சினால் நாலு. அதற்குள் கெட்டுப்போய்விடும் என்று அர்த்தமில்லை. கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான். பி.காம். படித்தவர்களுக்கு இது தண்ணிபட்ட பாடு. தேய்மானம் முழுக்கக் கழித்தாகிவிட்ட சாமானைக் கட்டிக்கொண்டு அழுவதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. புதுசு வாங்கிப் போட்டால் மறுபடி தேய்மானம் எழுதலாம்.

சரி, பழசை என்ன செய்வது? குப்பையில் போட முடியாது. அந்தக் காலத்து மானிட்டர் ஒவ்வொன்றின் கண்ணாடிக்குள்ளும் கிலோக்கணக்கில் ஈயம். நம்மூர்க் காயலான் கடைக்காரர் மாதிரி எடைக்கு எடை காசு கொடுத்து எடுத்துப் போக அங்கே ஆள் கிடையாது. எடுத்துப் போகிறவருக்கு நாம்தான் காசு கொடுக்கவேண்டும்.

ஆகவே, தானம்.

கனடாவில் 1993-லேயே மத்திய அரசும் தொலைபேசித் துறைத் தொண்டர்களும் சேர்ந்து, கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைச் செப்பனிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். லண்டனில் கம்ப்யூட்டர் எய்ட் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் பழைய கம்ப்யூட்டர்களைப் பெட்டி பெட்டியாக ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் 2000-ஆம் ஆண்டு ஃப்ரீ கீக் என்று ஓர் அமைப்பு முளைத்தது. இப்படி ஊருக்கு ஊர். நல்ல மனசுக்காரர்கள், ஸ்குரூ டிரைவரும் கையுமாக.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கவேண்டும். குறுக்கே வந்தது ஹார்ட் டிஸ்க்.

பழைய கம்ப்யூட்டரைத் தானம் கொடுக்கிற கம்பெனிக்கு ஒரே ஒரு பயம். உள்ளே இருக்கும் ஃபைல்கள். அது வீண் பயமும் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கைமாறி விற்பனைக்கு வந்த 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிக் குடைந்து பார்த்தார்கள். வேலை செய்தவை 129. அதில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை என்று நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு. மற்றவற்றில் கிரெடிட் கார்டு நம்பர்கள், நோயாளிகளின் மருத்துவ விவரங்கள், காதல் கடிதம் வரைக்கும் கிடைத்தன. 2003 ஜனவரியில் அந்தக் கட்டுரை வெளியானதும் கம்பெனிகள் அலறின. துடைத்துவிட்டுக் கொடு. இல்லையென்றால் கொடுக்கவே கொடுக்காதே.

துடைத்தால் என்ன ஆகும்? கம்பெனி ரகசியத்தோடு சேர்ந்து விண்டோஸும் போகும். வேர்ட், எக்ஸெல் எல்லாமும் போகும். தானம் வாங்குகிறவர் கைக்கு வருவது, மின்சாரம் கொடுத்தால் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி.

'அதனால் என்ன? ஒரு சிடியைப் போட்டு ஏற்றிவிட வேண்டியதுதானே?' நம்மூர் என்றால் அன்றைக்கு அப்படித்தான் செய்திருப்பார்கள். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அங்கே தொண்டு நிறுவனம் என்றால் பதிவு, தணிக்கை, நன்கொடையாளர்கள் என்று ஏகப்பட்ட சங்கதி உண்டு. திருட்டு சிடி போட்டு மாட்டினால் கடையைச் சாத்திக்கொண்டு போகவேண்டியதுதான்.

இங்கேதான் லைசென்ஸ் என்கிற சமாசாரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் உங்கள் சொத்து. அதை விற்கலாம், கொடுக்கலாம், உடைக்கலாம். உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் உங்கள் சொத்தல்ல. பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வாடகை வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸின் அனுமதி அந்தப் பெட்டியோடு போகலாம். ஆனால் மூலச் சான்றிதழ், சிடி எல்லாம் கூடவே இருக்கவேண்டும். நாலு வருடம் ஓர் ஆபீஸில் உருண்ட பெட்டியோடு அதெல்லாம் எங்கே வரும்? மொத்தமாகக் கம்பெனி பெயரில் வாங்கிய லைசென்ஸோ அந்தக் கம்பெனியோடு சரி. தனிப் பெட்டி ஒன்றோடு அதைப் பிரித்துக் கொடுத்தனுப்ப வழியில்லை.

2001-ல் ஆஸ்திரேலியாவில் இது பகிரங்கமாகவே வெடித்தது. ஜீலாங் என்ற ஊரில் 'பிசிஸ் ஃபார் கிட்ஸ்' என்றொரு சின்ன அறக்கட்டளை. வசதியில்லாத வீட்டுக் குழந்தைகளுக்குப் பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை. உள்ளே இருந்ததும் பழைய விண்டோஸ்தான். லைசென்ஸ் எங்கே என்று மைக்ரோசாஃப்ட் கேட்டது. செய்தி பத்திரிகைகளுக்குப் போய், ஏழைக் குழந்தைகளோடு மல்லுக்கு நிற்கிறதா உலகத்தின் பெரிய பணக்காரக் கம்பெனி என்று ஊரே காறித் துப்பாத குறை.

சட்டப்படி பார்த்தால் மைக்ரோசாஃப்ட் கேட்டதில் பிழையில்லை. அதுதான் பிரச்னையே. சட்டம் சரியாக இருந்தது, விளைவு அபத்தமாக இருந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 2001-ல் ஆபீஸ் எக்ஸ்பி வந்தது. சாதாரணப் பதிப்பின் கடை விலை 479 டாலர். விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் 199 டாலர். ஆகமொத்தம் 678. கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதப்பட்ட பெட்டிக்குள் போட, 678 டாலருக்குச் சரக்கு! பள்ளிக்கூடங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் சலுகை விலை உண்டுதான். ஆனால் சலுகையிலும் பெட்டியைவிடச் சரக்குதான் கனமாக இருந்தது.

தானமாக வந்த மாட்டுக்குப் பல் கட்டுகிற செலவில் புது மாடே வாங்கிவிடலாம் என்ற நிலைமை.

இந்த இடத்தில் கதைக்குள் நுழைவது ஒரு ஜெர்மன் பையன்.

பெயர் மார்கோ பெர்ரீஸ். லூனபர்க் என்ற ஊர். 1985-ல், தன் பதினாறாவது வயதில், ஸ்டார் டிவிஷன் என்று ஒரு கம்பெனி தொடங்கினான். சொந்தமாக ஒரு எழுத்துச் செயலி, ஸ்டார் ரைட்டர். அன்றைக்கு ஜெர்மானிய வீடுகளில் இருந்த குட்டிக் குட்டிக் கம்ப்யூட்டர்களில் ஓடியது. பிறகு கணக்குப் பலகை, படம் வரைவது, தகவல் தொகுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஸ்டார் ஆபீஸ் ஆக்கினான். (பையன் அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்டார். இனிமேல் மரியாதை கொடுத்துவிடுவோம்.) ஜெர்மனியில் நன்றாகவே விற்றது.

1999 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விலைக்கு வாங்கியது. விலை, 7 கோடியே 35 லட்சம் டாலர்.

சன் எதற்காக இதை வாங்கவேண்டும்? அது பெரிய பெரிய சர்வர் கம்ப்யூட்டர்கள் செய்து விற்கிற கம்பெனி. அங்கே திறந்த மூல சாஃப்ட்வேர் விவகாரங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த சைமன் ஃபிப்ஸ் பிற்பாடு ஒரு காரணம் சொன்னார். சன்னில் அன்றைக்கு சுமார் 42,000 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் மைக்ரோசாஃப்டிடம் லைசென்ஸ் வாங்குவதைவிட, ஆபீஸ் சாஃப்ட்வேர் செய்கிற ஒரு கம்பெனியையே வாங்குவது மலிவாக இருந்ததாம்.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் வணிகவியல் படித்தவன் புத்தி சும்மா இருக்குமா? 7.35 கோடியை 42,000-ஆல் வகுத்தால் தலைக்கு 1,750 டாலர் வருகிறது. 479 டாலர் சரக்குக்கு 1,750 டாலரா? விண்டோஸ், வருடாவருடம் புதுப்பிக்கிற செலவு எல்லாம் சேர்த்தால் ஒருவேளை கட்டுப்படியாகலாம். என்னைக் கேட்டால், அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பகை. சன்னின் தலைவர் ஸ்காட் மெக்நீலிக்கு மைக்ரோசாஃப்ட் என்றாலே ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். மைக்ரோசாஃப்டுக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டிய இரண்டு உண்டியல்களில் ஒன்று விண்டோஸ், இன்னொன்று ஆபீஸ். அந்த இரண்டாவது உண்டியலில் ஓட்டை போட சுலப வழி என்ன? அதே மாதிரி ஒரு சாமானை சும்மாவே கொடுத்துவிடுவது.

கொடுத்தார்கள். 2000 ஜூனில் ஸ்டார் ஆபீஸ் 5.2 இலவசம். அதோடு நிற்கவில்லை. அதே வருடம் அக்டோபர் 13-ஆம் தேதி அதன் மூல நிரலையே உலகத்துக்குத் திறந்து விட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, பிரதி போட்டு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 'ஓப்பன் ஆபீஸ்' என்ற பெயரை ஏற்கெனவே வேறொருவர் பதிவு செய்து வைத்திருந்ததால், கூடவே ஒரு வாலைச் சேர்த்து ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் என்று பெயர் வைத்தார்கள். முதல் முழுப் பதிப்பு 2002 மே மாதத்தில் வந்தது.

நன்றாக கவனியுங்கள். இதில் எங்கேயும் தர்ம சிந்தனை கிடையாது. இரண்டு பணக்காரக் கம்பெனிகளின் தகராறு. ஆனால் போர்ட்லண்டிலும் லண்டனிலும் ஆப்பிரிக்காவிலும் பல்லில்லாத மாடுகளோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதமாக வந்து விழுந்தது. லைசென்ஸ் சீட்டு வேண்டாம். எத்தனை பெட்டிக்கு என்று யாரும் எண்ணப் போவதில்லை. ஒரே சிடியை வைத்துக்கொண்டு ஆயிரம் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். அடியில் லினக்ஸ், மேலே ஓப்பன் ஆபீஸ். எல்லாம் சட்டப்படி.

அப்பாடா என்று உட்காரலாமா? ம்ஹும்.

ஓப்பன் ஆபீஸ் ஒரு குண்டுச் சட்டி. இலவசமே தவிர லேசானது அல்ல. 64 எம்பி நினைவகமாவது இருக்கவேண்டும் என்றார்கள். இருந்தாலும், ஐகானைக் கிளிக் செய்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். தானமாக வந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்த 64-ஐயே பார்த்திராதவை. இரண்டு செத்த கம்ப்யூட்டரின் நினைவகச் சில்லைப் பிடுங்கி மூன்றாவதில் செருகுவது, அதுவும் முடியாவிட்டால் அபிவேர்ட் மாதிரி நோஞ்சான் பெட்டிக்கு ஏற்ற நோஞ்சான் செயலியைப் போடுவது என்று ஏதேதோ செய்து பார்த்தார்கள்.

நிஜமான விடை வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் மெக்குவிலன் 1999-ல் ஆரம்பித்த ஒரு திட்டம். அதன் யோசனை ரொம்ப எளிமை. இருபது பழைய பெட்டியிலும் தனித்தனியாக எதையும் ஏற்றாதே. நல்ல கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றை வாங்கு. ஓப்பன் ஆபீஸை அதில் மட்டும் ஏற்று. பழைய பெட்டிகளை ஒயர் போட்டு அதோடு இணை. பழைய பெட்டியின் வேலை, தட்டச்சுப் பலகையில் அடித்ததை அங்கே அனுப்புவது, அங்கிருந்து வரும் படத்தைத் திரையில் காட்டுவது. அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வகுப்பில் முதல் மாணவன் ஓப்பன் ஆபீஸைத் திறக்கும்போது நேரம் எடுக்கும். இரண்டாவது மாணவன் திறந்தால் சட்டென்று திறந்துகொள்ளும். ஏற்கெனவே சர்வரின் நினைவகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் அல்லவா? பந்திச் சாப்பாடு மாதிரி. முதல் இலைக்குத்தான் அடுப்பு மூட்டவேண்டும்.

இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு நிஜமாகவே ஒரு தேசத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் உண்டு. அது நமீபியா.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலை. 1990-ல்தான் தென் ஆப்பிரிக்காவின் பிடியிலிருந்து விடுதலை. பரப்பளவில் நம் தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்கு. மக்கள்தொகை? 2001 கணக்கெடுப்பில் 18 லட்சம் சொச்சம். பாலைவனம், புதர்க்காடு, நடுவே எங்கேயோ ஒரு பள்ளிக்கூடம். கரண்ட் இல்லாத பள்ளிகள், டெலிபோன் கம்பி பார்க்காத பள்ளிகள்.

இங்கே 2000-ஆம் ஆண்டில் ஸ்கூல்நெட் நமீபியா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் யோரிஸ் கோமென். அருங்காட்சியகத்தில் பறவை ஆராய்ச்சியாளராக இருந்தவர். குருவிகளை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டார்! வெளிநாடுகளில் கழித்துக் கட்டப்பட்ட கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, பள்ளி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்தே செப்பனிட்டு, லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. கரண்ட் இல்லாத இடத்தில் சூரிய மின்சாரம். கம்பி இல்லாத இடத்தில் ரேடியோ அலை வழியே இன்டர்நெட். ஸ்வீடன் அரசின் உதவிப் பணம் வந்தது.

மைக்ரோசாஃப்டும் வந்தது. பள்ளிகளுக்கு ஆபீஸ் சாஃப்ட்வேரை இலவசமாகவே தருகிறோம் என்றார்கள்.

கோமென் என்ன செய்தார் தெரியுமா? உட்கார்ந்து கணக்குப் போட்டார். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஓடவேண்டுமானால் அடியில் விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் இலவசம் இல்லை. பரிசாக வருகிற ஆபீஸின் மதிப்பை ஒரு பக்கமும், அந்தப் பரிசை வாங்கிக்கொள்வதற்காக விண்டோஸுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை மறுபக்கமும் எழுதினால், இரண்டாவது பல மடங்கு பெரிசாக இருந்தது. யானையை சும்மா தருகிறோம், அங்குசமும் பாகனும் எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்கிற மாதிரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை. கணக்கோடு பகிரங்கமாக எழுதிச் சொன்னார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் சரியில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் குதூகலித்துவிடவில்லை. பையன் படித்துவிட்டு வேலைக்குப் போனால் கம்பெனியில் வேர்ட் தெரியுமா என்றுதானே கேட்பார்கள்? இது நியாயமான கேள்வி. வேறு ஊரிலிருந்து வருகிற வேர்ட் ஃபைலைத் திறந்தால் ஓப்பன் ஆபீஸில் கட்டங்கள் கோணிக்கொண்டு நிற்கும். அதுவும் நிஜம். பயத்தைப் போக்க ஸ்கூல்நெட் ஒரு காரியம் செய்தது. 'ஹாய் தி' என்று ஒரு படக்கதைத் தொடர். அங்கத்து ஓஷிவாம்போ மொழியில் 'இதைக் கேளுங்க' என்று அர்த்தம். ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்து சேருகிற கதையை, அந்நாட்டுப் பத்திரிகையின் இளைஞர் இணைப்பில் வாராவாரம் படம் போட்டுச் சொன்னார்கள். சாஃப்ட்வேர் ஏற்றுவதைவிட மனசில் ஏற்றுவது கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் ஸ்கூல்நெட் ஜெயித்ததா என்றால், இல்லை. 2008 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஆப்பிரிக்காவில் மைக்ரோசாஃப்டுக்கும் இலவச சாஃப்ட்வேருக்கும் நடக்கும் போட்டியைப் பற்றி விரிவாக எழுதியது. அதில் நமீபியாவும் உண்டு. அதற்குள் ஸ்கூல்நெட் தளர்ந்துபோயிருந்தது. பணம் கொடுக்கிறவர்களும் அமைச்சகமும் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரும் அந்தப் பக்கம் சாயும். நல்ல கணக்கு மட்டும் போதாது.

மனசில் ஏற்றுவது கஷ்டம் என்றேன். அது ஆப்பிரிக்கக் கிராமத்து விஷயம் மட்டும் அல்ல. அமெரிக்காவுக்கே வருவோம். டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம். அங்கே கென் ஸ்டார்க்ஸ் என்பவர் 2005 முதல் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து, லினக்ஸ் ஏற்றி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2008 டிசம்பரில் அவருக்கு ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து கடிதம். வகுப்பில் ஒரு மாணவன் லினக்ஸ் சிடிக்களை மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான், பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார் டீச்சர். எந்த சாஃப்ட்வேரும் இலவசம் கிடையாது, அப்படிச் சொல்லிக் குழந்தைகளைக் கெடுக்காதீர்கள், நீங்கள் செய்வது சட்டப்படி சரிதானா என்பதே எனக்குச் சந்தேகம் என்ற தொனியில் போகிறது கடிதம்.

அந்த டீச்சரைத் திட்டி உலகம் பூராவும் எழுதித் தீர்த்தார்கள். எனக்கென்னவோ அவர் மேல் கோபம் வரவில்லை. காப்பி அடித்த சிடி திருட்டு என்று இருபது வருடமாகக் கம்பெனிகள் சொல்லிக் கொடுத்த பாடத்தை அந்த அம்மாள் ஒழுங்காகப் படித்திருக்கிறார். நல்ல மாணவி! பிறகு ஸ்டார்க்ஸும் அவரும் போனில் பேசிச் சமாதானமாகிவிட்டார்கள்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஆங்கிலம். 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்கு இலவசம் என்றும் அர்த்தம், சுதந்திரம் என்றும் அர்த்தம். 1980களில் இந்த இயக்கத்தை ஆரம்பித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், நான் காசைப் பற்றிப் பேசவில்லை, சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே இருந்தார். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. கட்டற்ற மென்பொருள் என்று அழகாக ஒரு பெயரும் இருக்கிறது. நமக்கும் இந்தக் கதையில் ஒரு துண்டு உண்டு. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் ஓர் இலவசத் தமிழ் மென்பொருள் சிடி வெளியிட்டது ஞாபகமிருக்கலாம். எழுத்துருக்களோடு அதில் இருந்த 'பாரதீய ஓப்பன் ஆபீஸ்', அந்த ஜெர்மன் பையனின் சரக்கு தமிழ் பேசிய வடிவம்தான். மூல நிரல் திறந்திருந்ததால்தான், யாரிடமும் கைகட்டி நிற்காமல் மெனுவைத் தமிழில் மாற்ற முடிந்தது.

போர்ட்லண்டின் ஃப்ரீ கீக்கைப் பாதியில் விட்டுவிட்டோம். அவர்கள் முறை எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டர் வேண்டுமா? காசு வேண்டாம். 24 மணி நேரம் வந்து வேலை பார், ஒன்றை எடுத்துக்கொண்டு போ. இன்னொரு வழியும் அன்றைக்கு இருந்தது. பழைய பாகங்களை வைத்து ஆறு கம்ப்யூட்டர் கட்டவேண்டும். ஐந்து அவர்களுக்கு, ஆறாவது உனக்கு. ஆறு தடவை லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் ஏற்றினவனுக்கு, வீட்டுக்குப் போனபிறகு பெட்டி படுத்துவிட்டால் யாரையும் கூப்பிடத் தேவையிருக்காது அல்லவா? இனாம் என்று சொல்லாமல் கூலி என்று சொல்லிக் கொடுத்த மரியாதை வேறு. 2007-ல் இதற்காக ஒரு சர்வதேச விருதும் கிடைத்தது. ஆஸ்டின் ஸ்டார்க்ஸின் அமைப்புக்கும் 2014-ஆம் ஆண்டுக்கான ஸ்டால்மன் அறக்கட்டளையின் சமூக நல விருது வந்தது. அதற்குள் ஆயிரம் கம்ப்யூட்டருக்கு மேல் கொடுத்திருந்தார்கள்.

மைக்ரோசாஃப்டும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரைச் செப்பனிடுகிறவர்களுக்கென்றே மலிவு விலை விண்டோஸ் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. தொண்டு அமைப்புகளோடு தொடங்கி, 2007 நவம்பரில் பெரிய வியாபார நிறுவனங்களுக்கும் அதை நீட்டியது. இலவசப் போட்டி ஒன்று வாசலில் நிற்காவிட்டால் அந்த விலை இறங்கியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் கதை சோகம். 2010 ஜனவரியில் அந்தக் கம்பெனியையே ஆரக்கிள் விழுங்கியது. ஓப்பன் ஆபீஸ் என்ன ஆகுமோ என்று பயந்த தொண்டர்கள் அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி தனிக்குடித்தனம் போனார்கள். நிரல் திறந்துதானே கிடக்கிறது? எடுத்துக்கொண்டு போய் லிப்ரே ஆபீஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஜெர்மனியில் அறக்கட்டளை பதிவு செய்ய 50,000 யூரோ மூலதனம் வேண்டும் என்றபோது, உலகமெங்கும் சின்னச் சின்னத் தொகையாக வந்து எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. ஆரக்கிள் 2011-ல் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவியது. பழைய பெயர் ஒரு பக்கம், உயிர் இன்னொரு பக்கம். இன்றைக்குச் செப்பனிடும் கூடங்களில் ஏறுவது பெரும்பாலும் லிப்ரே ஆபீஸ்தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறவேண்டுமானால் பெட்டிக்குள் ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்கவேண்டும், பிராசஸரும் ஓரளவு புதுசாக இருக்கவேண்டும். இல்லாத பெட்டிகள் ஆபீஸ் ஆபீஸாக வெளியே வருகின்றன. இந்தத் தடவை நோஞ்சான்கள் அல்ல. நினைவகம் 8 ஜிபி, லிப்ரே ஆபீஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். மறுபடி டிஸ்க்கைத் துடைக்கிறார்கள். சிடிக்குப் பதில் பென் டிரைவைச் செருகி லினக்ஸ் ஏற்றுகிறார்கள். வாங்கிக்கொண்டு போக வருகிறவர் கேட்கிற முதல் கேள்விதான் இருபத்தைந்து வருடமாக மாறவே இல்லை.

'இதுல வேர்ட் இருக்கா?'